இருபது மாடுகளின் முதலாளி

எதிரில் இருப்பவர் நான்கு நொடி பேசாமல் இருந்தால் போதும், நான் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எங்கள் மதுரை வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால் ஒன்று கோபம், இல்லையென்றால் காய்ச்சல். அதனால் மௌனத்தைக் கண்டால் எதையாவது பேசி அடைத்துவிட வேண்டும் என்றே வளர்ந்துவிட்டேன். அந்தப் பழக்கம்தான் ஒரு சாயங்காலத்தில் என்னை இருபது மாடுகளுக்கு முதலாளியாக்கியது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் பால்வளத்தில் ஒரு டிப்ளமோ. (மாட்டைத் தொடாமலே வாங்கலாம். செய்முறை ரெக்கார்டை நான் நண்பனைப் பார்த்து எழுதினேன், அவன் அவனுடைய சீனியரைப் பார்த்து எழுதினான். அந்த சீனியராவது மாட்டைப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.) விசிட் விசாவில் வந்து, பர் துபாயில் அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு, அல் கூஸ் குடோன் குடோனாக ஏறி இறங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். விசா முடிய மூன்று வாரம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஃபின்லாந்தில் கணவனும் மனைவியுமாக நடத்தும் பால் பண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து பயிற்சியாளர் தேவை, ஓர் ஆண்டு, தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் உண்டு என்றது. விண்ணப்பித்தேன். வீடியோ காலில் பேசலாம் என்று பதில் வந்தது. அதை அப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. அப்பா பொய்யே சொல்லாத மனிதர், அதனால் அவர் சொன்னால் தெரு நம்பும். "எம் மவன் ஃபின்லாந்து போறான்" என்று அன்று மாலைக்குள் டீக்கடையிலிருந்து ரேஷன் கடை வரை சொல்லி முடித்துவிட்டார். இனி நான் ஃபின்லாந்து போயாக வேண்டும், அல்லது அந்தத் தெருவில் முகம் காட்டாமல் வாழப் பழக வேண்டும்.

முதல் வீடியோ காலில் பண்ணைக்காரம்மா சிவந்த கன்னங்களோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பண்ணைக்காரர், தாடியோடு, வாயே திறக்காமல். மாடு பழக்கம் உண்டா என்று கேட்டார் அந்த அம்மா.

"உண்டு. வீட்டில் நான்கு மாடுகள்" என்றேன்.

அவர்கள் இருவரும் என்னையே பார்த்தார்கள், ஒன்றும் பேசவில்லை. அந்த ஊரில் ஒரு பதிலைக் கேட்டால் யோசித்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்று இப்போது தெரியும். அப்போது, நான்கு போதவில்லை போலிருக்கிறது என்று பட்டது.

"அப்புறம் பெரியப்பா வீட்டில் எட்டு."

மௌனம்.

"மொத்தமாக இருபது. ஒரு காளையும் உண்டு."

திரைக்குப் பின்னால் நின்ற அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "டேய் முரளி, போதும்டா, அடுத்து யானை வளக்கிறோம்னு சொல்லிராத" என்று வாயசைத்தாள்.

பண்ணைக்காரம்மா கடைசியில் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாட்டின் பக்கத்தில் நின்று கறந்து காட்ட வேண்டுமாம். "எங்களிடம் கறக்க இயந்திரம் இருக்கிறது. மாடு உங்கள் பக்கத்தில் எப்படி நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்" என்றார்.

துபாயில் மாட்டுக்கு எங்கே போவது? அக்காதான் கருப்பையா அண்ணனை நினைவுபடுத்தினாள். சிவகங்கைப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஷார்ஜா தாண்டி தைத் போகும் வழியில் ஒரு அரபியின் தோட்டத்தில், மஸ்ரா என்பார்கள், இரண்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டார். பர் துபாய் கோயிலில் அக்காவுக்குப் பழக்கம். மாடு கன்று போட்டால் ஒரு கோலா பாட்டிலில் சீம்பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

ஞாயிறன்று அக்கா காரை ஓட்டினாள். நான் டையும் புது ஷூவும் போட்டு, மீனா பஜாரில் அத்தான் வாங்கி வைத்திருந்த ஊது என்கிற அகில் அத்தரைக் காதோரத்திலிருந்து கணுக்கால் வரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (வீடியோவில் வாசனை போகாது என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.)

கருப்பையா அண்ணன் பத்தடி தூரத்திலேயே மூக்கைச் சுளித்தார். "தம்பி, மேல என்ன இந்த வாடை? ராணி மாடு மிரளும். போயி நல்லாக் கழுவிட்டு வாங்க."

"அண்ணே, வீடியோ கால் வந்துருச்சு அண்ணே!"

அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் ஃபின்லாந்தைப் பார்த்துப் பல்லைக் காட்டி, ஒரு கையில் ராணியின் தும்பையும் மறுகையில் வாளியையும் பிடித்துக்கொண்டு நெருங்கினேன். ராணி என்னை ஒருமுறை மோந்து பார்த்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது. பிறகு தலையை ஒரே உதறு. தும்பு கையை விட்டுப் போனது, எதையாவது பிடிக்க வேண்டுமே என்று வாலைப் பிடித்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். அதை வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன். அது செய்முறைக் குறிப்பு என்று அன்றுதான் தெரிந்தது.

வாளி ஒரு பக்கம் போனது. ஒரு ஷூ இன்னொரு பக்கம். ராணி என்னைத் தோட்டத்தின் பாதி தூரம் இழுத்துப்போய்ச் சாணிக்குவியலில் சேர்த்துவிட்டு, தன் வழியே போனது. அக்கா போனை இறக்காமல், "ஐயோ டை போச்சே, டை போச்சே" என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

கருப்பையா அண்ணன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "ந்தா... வா தாயி" என்றார். ராணி திரும்பி வந்தது. கழுத்துக்கு அடியில் சொறிந்துகொடுத்தார். மடியைக் கழுவினார், முதல் பீச்சை உள்ளங்கையில் வாங்கி உற்றுப் பார்த்தார், பிறகு கறக்கத் தொடங்கினார். ராணி கண்ணைப் பாதி மூடி அசைபோட்டது. அக்காவின் போன் அவர் பக்கமே திரும்பியிருந்தது அவருக்குத் தெரியாது.

ஃபின்லாந்து பேசவில்லை. முதன்முறையாக நானும் பேசவில்லை. வாயில் மண்.

"உண்மையில் எத்தனை மாடுகள்?" என்று பண்ணைக்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட்டில் வரும்."

அதுவரை குரலே காட்டாத தாடிக்காரர் சிரித்தார், நாற்காலி ஆடும் அளவுக்கு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனிதர் யார்?" என்று கேட்டார்.

வீடு திரும்பி அப்பாவைக் கூப்பிட்டேன். "கிடைக்கலப்பா" என்றேன். அந்தப் பக்கம் நான்கு நொடி மௌனம். அதை நிரப்ப என்னிடம் ஒரு மாடுகூட இல்லை. அப்பா, "சாப்டியா?" என்றார். அன்று நான் அழுதேன், அத்தர் வாசனையோடும் சாணி வாசனையோடும்.

கருப்பையா அண்ணனுக்கான விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். பொறாமையில்லாமல் எழுதினேன் என்றால் அது இருபத்தோராவது மாடு. பழகிய மாடுகள் எத்தனை என்று ஒரு கட்டம் வந்தது. ஊரில் இருந்ததையும் சேர்த்து ஏழு, எட்டு என்று போடலாமா என்றேன்.

"இப்பப் பாக்கறது ரெண்டுதானே தம்பி. ரெண்டுன்னே எழுதுங்க."

அரபி மனம் வைத்தார், கான்ட்ராக்ட் முடிந்ததும் அண்ணன் கிளம்பினார். அந்தப் படிவத்துக்காக நான் போய் உட்கார்ந்த டைப்பிங் சென்டரிலேயே, தட்டச்சு வேகத்தைப் பார்த்து எனக்கு வேலை கொடுத்தார்கள். இன்றும் அடுத்தவர்கள் விண்ணப்பங்களை எழுதித்தான் பிழைக்கிறேன். அக்கா மதுரைக்குத் திரும்பிவிட்டாள். அந்த ஹாலில் படுக்கும் பாக்கியம் இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது மட்டும் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன், அந்த மூன்று வாரப் பயம்கூட இப்போது இனிக்கிறது.

கருப்பையா அண்ணன் பயிற்சி முடிந்தும் அங்கேயே வேலையில் இருக்கிறார். போன வருஷம் கூப்பிட்டார். பண்ணையில் ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் வைப்பார்களாம். கயிற்றை உருவிக்கொண்டு ஓடிச் சாணியில் விழுந்த ஒரு கிடேரிக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது, அவருக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியதாம். "கோவிச்சுக்காதீங்க தம்பி. முரளி இன்னிக்குக் கன்னு போட்டுருச்சு. இவங்களும் சீம்பாலை விடமாட்டாங்க போல, அடுப்புல வச்சுக் கட்டியா வேகவச்சுத் திங்கறாங்க."

அக்கா இந்தச் செய்தியைச் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னாள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது அவளுக்குக் கூடுதல் வசதி.

அப்பா மட்டும் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் காலை நேராக டீக்கடைக்குப் போய், பழைய கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாராம்:

"முரளி ஃபின்லாந்துலதான் இருக்கு. நல்லாக் கறக்குதாம்."