நான்காம் வரிசையில் ஒரு நீதிபதி

"எங்கம்மா எப்பங்க ஜட்ஜ் ஆனாங்க?"

கேட்ட பெண் சண்டைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள். கல்லறைத் தோட்ட அலுவலகத்தின் சன்னல் கம்பிக்கு வெளியே, கையில் மெழுகுவர்த்திப் பெட்டியோடு நின்றிருந்தாள். உள்ளே மேசைக்குப் பின்னால் டிகிரி உட்கார்ந்திருந்தாள்.

டிகிரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் வீட்டில், தெருவில், அடுத்த தெருவையும் சேர்த்துக்கொண்டால்கூட, பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். குழிவெட்டும் அண்ணன் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பங்குத்தந்தை வரைக்கும் தொற்றிக்கொண்டது. படித்தது வரலாறு, வேலை கிடைத்தது கல்லறையில். இரண்டும் ஒன்றுதான், இங்கே மாதா மாதம் சம்பளம் வருகிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"உங்கம்மா என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள் டிகிரி.

"இஸ்திரி போட்டாங்க. ஜட்ஜு வீட்டுத் துணியும் போட்டிருக்காங்கதான். அதுக்காக நீங்க போர்டு வச்சிருக்க மாட்டீங்கல்ல?"

 முந்தின நாள்தான் பன்னிரண்டு பலகைகளையும் டிகிரியே சுத்தியலால் அடித்து நட்டிருந்தாள். புதிதாக பைண்டிங் போட்டு வந்திருந்த பழைய பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். நான்காம் வரிசை, ஆறாவது குழி, நீதிபதி. எழுதியிருப்பது சரியாகத்தான் இருந்தது. வாசலிலிருந்து நான்கு வரிசை எண்ணி, இடப்பக்கத்திலிருந்து ஆறு எண்ணி வைத்த பலகை, இஸ்திரிக்கார அம்மாவின் நெஞ்சுக்கு நேராக நின்றது. அந்தப் பக்கத்துச் சிலுவைகளெல்லாம் சிமெண்ட். மழை எழுத்துகளை எப்போதோ தின்றுவிட்டது.

இந்தப் பலகைகள் வந்த கதை இதுதான். கல்லறையின் பழைய பாதியை இடித்துச் சமமாக்கிக் கார் நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று பங்குப் பேரவைச் செயலாளர் ஒரு வருடமாகக் குதித்துக்கொண்டிருந்தார். அவருடைய கார் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சந்துக்குள் நுழைவதில்லை. ஆகவே செத்தவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டும். பழைய பாதியில் கிடப்பவர்களுக்குக் குடும்பக் கல்லறை வாங்க வக்கில்லை. எலும்புகளை மொத்தமாக ஒரே குழியில் போட்டு, மேலே ஒரு தேவதை சிலை வைத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

டிகிரி கேட்டாள். பழைய பாதியின் கடைசி வரிசையில் அவளுடைய அப்பா இருந்தார். சந்தையில் மூட்டை தூக்கியவர். உயிரோடு இருந்தவரை ஒரு இடத்தில் நிம்மதியாகப் படுக்க விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். இப்போதுமா?

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. குறிப்பிடத்தக்க மனிதர்கள் பத்துப் பேராவது புதைக்கப்பட்ட கல்லறை என்றால், பாரம்பரியத் துறை அதைப் பாதுகாக்கும். ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. டிகிரி பதிவேட்டைப் புரட்டினாள். நீதிபதி, முதல் பெண் மருத்துவர், பாலம் கட்டிய பொறியாளர், பத்திரிகை ஆசிரியர், பாடகி என்று பன்னிரண்டு பேர் அகப்பட்டார்கள். அன்றைக்கு அவள் அலுவலகத்திலேயே ஒரு குத்தாட்டம் போட்டாள். துறை அதிகாரி சனிக்கிழமை காலையில் வருவதாகக் கடிதமும் வந்துவிட்டது.

இன்று புதன்.

குழிவெட்டி அண்ணன் வந்து பார்த்தார். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நிதானமாக யோசித்தார்.

"டிகிரி, எந்த வாசல்லேர்ந்து எண்ணின?"

"வாசல்லேர்ந்துதான்ணே."

"இது புது வாசல். அந்தக் காலத்துல வாசல் அந்தப் பக்கவாட்டுச் சுவத்துல. பழைய ஆளுங்க அங்கேர்ந்துதான் எண்ணுவாங்க."

ஆக, பன்னிரண்டு பேரும் இடம் மாறியிருந்தார்கள். டிகிரி சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினாள். நீதிபதியின் பலகையில் கை வைத்ததுமே இஸ்திரிக்கார அம்மாவின் மகள் குறுக்கே வந்து நின்றாள். அதற்குள் வீட்டுக்கு ஃபோன் போயிருந்தது. இரண்டு அண்ணன்கள், ஒரு அண்ணி, அண்ணியின் தங்கை என்று குடும்பமே வந்து இறங்கியது. சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பலகையோடு சேர்த்துப் படமும் எடுத்து உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது.

"வச்சதை எடுத்தா, எங்கம்மாவைப் பதவியிலேர்ந்து தூக்கின மாதிரி ஆயிடும்" என்றான் மூத்தவன்.

"அவங்க ஜட்ஜ் இல்லீங்களே."

"எங்க தெருவுல எந்தச் சண்டையா இருந்தாலும் அவங்க இஸ்திரி மேசைக்குத்தான் வரும். பெட்டியைக் கையில வச்சுக்கிட்டுத்தான் தீர்ப்பு சொல்வாங்க. ஒருத்தனும் மேல்முறையீடு போனதில்ல."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. டிகிரி ஒரு சமரசம் சொன்னாள். நீதிபதி பலகை நீதிபதிக்கே போகட்டும். அம்மாவுக்குத் தனியாக ஒன்று எழுதித் தருகிறேன். அலுவலகத்தில் கிடந்த பலகைத் துண்டில் அங்கேயே எழுதினாள்: 'சூடான பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தெருவின் எல்லாச் சண்டைகளையும் தீர்த்தவர்.' குடும்பம் கைதட்டியது. அண்ணி அழுதாள். பிரச்சினை தீர்ந்தது என்று டிகிரி நினைத்தாள்.

பிறகு பழைய வாசலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நீதிபதிக்கு வேப்பமரத்தடியில் நல்ல இடம் கிடைத்தது. பொறியாளர் தண்ணீர்க் குழாயடியில் போய் விழுந்தார். பாலம் கட்டினவருக்குப் பக்கத்தில் தண்ணீர் இருப்பது பொருத்தம்தான் என்றார் குழிவெட்டி அண்ணன். பாடகிதான் சிக்கல். பதினான்காம் வரிசை என்று பதிவேடு சொன்னது. இந்த வாக்கில் எண்ணினால் பதினொன்றோடு கல்லறை முடிந்து மதில் வந்துவிட்டது. சாலையை அகலப்படுத்தும்போது மதிலை உள்ளே தள்ளிக் கட்டியிருப்பார்கள் என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அந்தக் கணக்குப்படி பாடகி, மதிலுக்கு அப்பாலிருக்கும் டயர் கடைக்குள், பஞ்சர் ஒட்டும் தொட்டிக்கு அடியில் இருந்தாள்.

வேறு வழியில்லாமல் மதிலிலேயே எழுதினாள்: 'பாடகி, இதற்கு அப்பால்.'

வியாழக்கிழமை காலை டயர் கடைக்காரர் வந்துவிட்டார். கம்ப்ரெஸர் ஓடும்போதெல்லாம் உள்ளே யாரோ சுருதி பிடிப்பதாகச் சொல்லி ஆட்கள் வேலை செய்ய மறுக்கிறார்களாம். எழுதினதை அழிக்கச் சொன்னார். டிகிரி சுண்ணாம்பு அடித்து மறைத்தாள். சுண்ணாம்பு காய்ந்ததும் எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

அவருக்குப் பின்னால் பார்த்தால் வரிசை. இஸ்திரிக்கார அம்மாவின் படம் அதற்குள் ஊரைச் சுற்றி வந்திருந்தது. இஸ்திரி போட்டவருக்கே பலகை உண்டென்றால், முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய எங்கப்பாவுக்கு ஏன் இல்லை? நாலாயிரம் பிரசவம் பார்த்த எங்க பெரியம்மாவுக்கு ஏன் இல்லை? பங்குத்தந்தை தன் அறைச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். ஜெபத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

செயலாளரும் வந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏம்மா டிகிரி, நேத்து இங்க இருந்த டாக்டரம்மா இன்னிக்கு அங்க இருக்காங்க. ராத்திரி எழுந்து நடந்தாங்களா?"

"எண்ணிக்கையில ஒரு சின்னத் தப்புங்க."

"சனிக்கிழமை ஆபீசர்கிட்ட நானே சொல்றேன். பெரிய மனுசங்க பன்னிரண்டு பேரு, பன்னிரண்டும் பொய்யுன்னு. திங்கக்கிழமை புல்டோசர்."

சொல்லிவிட்டு, அளக்கும் டேப்பை எடுத்து, கடைசி வரிசையின் ஓரத்தில் தன் காரின் நீளத்தை அளந்து பார்த்தார். டேப்பின் நுனி அப்பாவின் சிலுவையைத் தொட்டது.

டிகிரி மேசைக்குத் திரும்பினாள். உடம்பெல்லாம் எரிந்தது. பெரிய மனுசங்களாம். மூட்டை தூக்கினவனுக்குக் கிடக்க ஆறடி வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு நீதிபதி வந்து படுத்து சாட்சி சொல்ல வேண்டுமா? அவள் சன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"எல்லாருக்கும் போர்டு உண்டு. பலகை, அட்டைப்பெட்டி, பழைய கதவு, எது இருந்தாலும் கொண்டு வாங்க. ஆனா ஒண்ணு. நல்லவரு, அன்பானவருன்னு எழுத மாட்டேன். அதைத்தான் எல்லாக் கல்லுலயும் எழுதுறாங்க. செஞ்சது என்னன்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை எழுதினாள். விரலெல்லாம் பெயிண்ட். 'முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழி மீதுகூட ஏற்றியதில்லை.' 'நாலாயிரம் பேரை உலகத்துக்கு இழுத்து வந்தவர். இதைப் படிக்கும் நீங்களும் அதில் இருக்கலாம்.' ஒரு மருமகள் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தன் மாமியாருக்குச் சொன்னாள்: 'என் சமையலைக் குறை சொல்லியே என்னை நல்ல சமையல்காரியாக்கியவர்.' ஒரு குடும்பம் மட்டும் திருதிருவென்று விழித்தது. எங்க சித்தப்பா எதுவுமே செய்யலீங்க, நல்லா தூங்குவாரு, அவ்வளவுதான் என்றார்கள். 'நிம்மதியாகத் தூங்கத் தெரிந்தவர்' என்று எழுதிக் கொடுத்தாள். அந்தக் குடும்பம்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாகப் போனது.

வரிசையின் கடைசியில் அம்மா நின்றிருந்தாள். மகள்தானே என்று முன்னால் வரவில்லை. பழைய முக்காலியின் பலகை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

"அப்பாவுக்கு என்ன எழுதறதும்மா?"

"நீதான் படிச்சவ."

"செஞ்சது என்னன்னு சொல்லணும். உனக்குன்னு தனி ரூல் கிடையாது."

அம்மா கொஞ்சம் சிரித்தாள். "எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், இதோட சிமெண்ட் என் முதுகுல வந்ததும்பாரு. நான் நம்பினதில்ல. பாதியாவது நிஜமா இருக்கும்."

டிகிரி எழுதினாள்: 'இந்த நகரத்தின் பாதி இவர் முதுகில் ஏறி வந்தது.'

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், பெரிய குடை. செயலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, பலகைகள் நடந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே உள்ளே போனார். போனவர் வரவில்லை. ஒவ்வொரு பலகையாக நின்று படித்தார். இஸ்திரிக்கார அம்மாவிடம் சிரித்தார். பிரசவம் பார்த்தவரிடம் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். தூங்கத் தெரிந்தவரிடம் பொறாமையோடு பெருமூச்சு விட்டார். கடைசி வரிசையில் அப்பாவின் பலகையைப் படித்துவிட்டு, மதிலுக்கு மேலே தெரிந்த கட்டடங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

டிகிரியால் பொறுக்க முடியவில்லை. பொய் சொல்லி அப்பாவைக் காப்பாற்றினால் அப்பாவே எழுந்து வந்து அறைவார்.

"சார், அந்தப் பன்னிரண்டு பேரும் எந்தெந்தக் குழின்னு எனக்கு உறுதியாத் தெரியாது. எண்ணினது தப்பா இருக்கலாம். ஆனா பதிவேட்டுல இருக்காங்க. இந்தக் கல்லறையிலதான் எங்கேயோ இருக்காங்க. அதை மட்டும் உறுதியாச் சொல்லுவேன்."

"ஜட்ஜும் டாக்டரும் எல்லாக் கல்லறையிலயும் இருக்காங்கம்மா" என்றார் அதிகாரி. "சட்டம் பத்துப் பேரைக் கேக்குது. நான் நூத்தி நாப்பத்து மூணு எண்ணியிருக்கேன்."

செயலாளர் பதறினார். "அதுல பன்னிரண்டைத் தவிர யாரும் பெரிய ஆளுங்க இல்லீங்களே."

"யாரு குறிப்பிடத்தக்கவருன்னு துறை முடிவு பண்ணும். இங்க துறைன்னா நான்தான்."

குடையை டிகிரியிடம் கொடுத்துவிட்டு, இஸ்திரிக்கார அம்மாவின் சிலுவை மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். குழிவெட்டி அண்ணன் விசிலடித்தார். செயலாளர் டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு தன் நீளமான காரைத் தேடிப் போனார்.

ஜெபத்திலிருந்த பங்குத்தந்தை இப்போது வெளியே வந்தார். கூடியிருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பிரசங்கம் வந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு சான்றோர்களும் இந்த மண்ணில் துயில்வதால்தான், அவர்கள் நிழலில் கிடக்கும் நம் எளியவர்கள் இன்று பிழைத்தார்கள். அந்தப் பெரியவர்களுக்கு நாம் என்றென்றும் நன்றியோடு இருக்க வேண்டும் என்றார். டிகிரி பல்லைக் கடித்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது, நகரத்தின் மறுகோடியிலிருக்கும் வடக்குக் கல்லறையிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். துணியில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்றை டிகிரியின் கையில் வைத்தார்.

"பைண்டிங் கடையில ரெண்டு பதிவேட்டுக்கும் அட்டையை மாத்தி ஒட்டிட்டாங்கம்மா, இதுதான் உங்களோடது, எங்களோடதைக் குடுத்தா எடுத்துட்டுப் போயிடுவேன், எங்க கல்லறையில படுத்திருக்கிற ஜட்ஜு, டாக்டரு, பாடகின்னு பன்னிரண்டு பேரோட கணக்கும் அதுலதான் இருக்கு."