உன் பாவாடையும் என் இடுப்பும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானம் ஒன்றைத் தவிர. வேறு யாராவது வத்தி வைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: உன் மகள் கல்யாணத்துக்கு நீ உடுத்தப்போகும் கைத்தறிப் பாவாடையை முதலில் உடுத்தியது நான்தான்.

பழியை என் மேல் போடாதே. எல்லாம் பாவாடைக் கரையில் பூத்தையல் போட வந்த அந்தப் பூவேலைக்காரம்மாவின் பிடிவாதம். கைத்தறித் துணி கனத்தில் இழுக்கும், ஆள் உடுத்தி நின்றால்தான் கீழ்க்கரைப் பூக்கள் ஒரே வரிசையில் அமையும், இல்லாவிட்டால் பின்பக்கம் தரையைக் கூட்டும் என்றாள். நீயோ வெளியூரில். என் பெண்டாட்டியைப் பார்த்தேன். "நான் கட்டினா நழுவி விழும். உங்க அக்கா இடுப்பு இந்த வீட்ல உங்ககிட்டதான் இருக்கு"ன்னுட்டா. சரி, கூடப்பிறந்த பாசம், பேண்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு முக்காலியில் ஏறி நின்றேன். அந்தம்மா ஊர்க்கதை பேசிக்கொண்டே தைத்ததில் பாவாடைக் கரையோடு என் பேண்ட் காலையும் சேர்த்துப் பூப்போட்டுவிட்டாள். அதைப் பிரிக்கக் கத்தரிக்கோலைத் தேடும்போது வாசல் மணி அடிக்குது, யாருன்னு பார்த்தா உன் சம்பந்தி. ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, விரிப்பை இழுத்து மடியை மூடிக்கொண்டேன். அவர் நிற்கிறார், நான் உட்கார்ந்தபடியே கும்பிடுகிறேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொண்ணுக்கு மாமான்னா எழுந்திரிக்கக்கூட மாட்டாரா?"ன்னு என் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். கல்யாணமா, மானமான்னு ஒரு நொடி யோசிச்சேன். எழுந்து நின்னுட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பின்னாடி ரெண்டு விரல் ஏத்தணும்" என்றார் பூவேலைக்காரம்மாவிடம். பிறகு என் காதோடு, "எங்க வீட்ல நான்தான் நிப்பேன். என் சம்சாரத்துக்கும் எனக்கும் ஒரே இடுப்பு." அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் போனதும் தையலைப் பிரித்து, பாவாடையைக் கழற்றி மடித்து வைத்ததோடு சரி. அதன் பிறகு என் விரல்கூட அதில் படவில்லை. இது முழுக்க உனக்காகச் செய்த தியாகம். மருமகளுக்கு என் ஆசிகள், அத்தானுக்கு வணக்கம். அவரிடம் இதைப் படித்துக் காட்டாதே.

உன் அன்புத் தம்பி

பி.கு: பார்சல் வர இன்னும் இரண்டு நாள் ஆகும். பாவாடையின் இடது பக்கம் ஒரு பை இருக்கும், திகைக்காதே. என் மூக்குக்கண்ணாடிக் கூடு வைக்க இடமில்லாமல் தவித்தேன், நேற்றுத்தான் சொல்லித் தைத்துக்கொண்டேன்.