முனி உட்கார்ந்த லாரி

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஸ்பிரிங்வெளி ரோடு வளைந்து திரும்பும் ஆலமரத்து முடக்கில் நிற்க இடம் கிடைக்காது. தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசைகளிலிருந்து மேட்டு லயத்துச் சனம், பள்ளத்து லயத்துச் சனம், பதுளைக் கடைத்தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த சனம், எல்லாரும் அங்கேதான். கையில் தேங்காய், கக்கத்தில் சேவல், வாயில் கோவிந்தா. அம்மன் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

எதைப் பார்க்க? ஒரு லாரியை. இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன். லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கும் முனியை. கண்ணுக்குத் தெரியாத முனியை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். கேள்வி கேட்பவர்களுக்கு அந்த முடக்கில் இடம் இல்லை.

முனி கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, காதுக்குத் தெரியுமே! லாரி ஊர்ந்து வரும். முடக்கில் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தண்ணீர்க் கான் ஓடுகிறது. பின்சக்கரம் அதில் இறங்கும். உடனே, "தடார்!" மேலே இருப்பவர்களின் பல் ஆடும். "முனியப்பா!" என்று நூறு தலை ஒன்றாகக் குனியும். நூறு தேங்காய் ஒன்றாக உடையும். உடைந்த மூடிகளை அழகர் பூசாரி சாக்கில் அள்ளிக்கொள்வார். முனிக்குத் தேங்காய் ஆகாதாம், சத்தம் மட்டும் போதுமாம்.

லாரி பதுளைக் கடைக்காரர் காமில் முதலாளியுடையது. ரயில் பதுளைக்கு வந்த புதிதில், இனி மாட்டு வண்டியை நம்பினால் கதை நடக்காது என்று, பசறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கினார். கீழே போகும்போது தேயிலைப் பெட்டி, மேலே வரும்போது அரிசி மூட்டை, ஞாயிற்றுக்கிழமை சனம். டிரைவர் சின்னராசா நேற்றுவரை மாட்டுக் கயிறு பிடித்தவன். ஏற்றத்தில் லாரி திணறினால் இன்றைக்கும் "ஹை, ஹை" என்று தட்டிக்கொடுப்பான்.

லாரி வரும்வரை பூசாரிக்கு ஒரு குறையும் இல்லை. மாடுகள் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்கும். நின்ற இடத்தில் பூசாரியின் சின்னக் கோயில். வண்டிக்காரன் சும்மா நிற்பானா? ஒரு தேங்காய் உடைப்பான். லாரியோ நிற்கவில்லை. பூசாரியின் முகத்தில் புகையை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. தெய்வக் குற்றம் நடந்துவிட்டதை ஊரில் முதலில் உணர்ந்தது பூசாரியின் வயிறுதான்.

ஆயுத பூசை வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கினார்கள். லாரியையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"மேலே பொட்டு வெச்சா போதுமா? வண்டிக்கு அடிவயித்துப் பூசை செய்யணும்!" என்றார் பூசாரி. "யாரும் எட்டிப் பாக்கப்படாது. பாத்தா கண்ணு போயிரும்."

சுற்றிலும் சேலை கட்டி மறைத்தார்கள். பூசாரி மஞ்சள் தட்டோடும் ஒரு துணிப் பையோடும் லாரிக்கு அடியில் புகுந்தார். வெளியே தப்பு முழங்கியது. வெகுநேரம் கழித்து, உடம்பெல்லாம் வியர்வையும் கையெல்லாம் கறுப்பு மசகுமாக வெளியே வந்தார்.

"உள்ளே ஒருத்தன் இருக்கான். மல்லுக்கட்டிப் பாத்தேன். எறங்க மாட்டேங்கிறான்!"

மறுநாளிலிருந்து "தடார்" ஆரம்பம். கூடவே இன்னொரு அற்புதமும் நடந்தது. பூசாரி பாதக்குறடு போட்டு நடப்பவர். மரக்கட்டைச் செருப்பு. அதுவரை அவர் வருவது மூன்று லயத்துக்குக் கேட்கும். இப்போது சத்தமே இல்லை! பின்னால் வந்து நின்று "தாயே" என்பார், பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு அலறுவார்கள். சாமியின் கால் தரையில் படுவதில்லை, காற்றில் நடக்கிறார் என்று பேச்சு பரவியது. அப்புத்தளையிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

இதெல்லாம் இப்படியே போயிருந்தால் தேங்காய்ச் செலவோடு முடிந்திருக்கும். ஆனால் கொழுந்து பறிக்கும் ரெங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. சில்லறைக் கங்காணி தம்பையாவின் ஒரே மகள். அத்தை மகன் சின்னராசாவுக்கும் அவளுக்கும் தையில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றியாயிற்று.

"ஏன் சாமி, இத்தனை வருசமா மாட்டு வண்டி போச்சே, அதிலே முனி ஏறலையே, ஏன்?" என்று கூட்டத்தின் நடுவில் கேட்டுவிட்டாள்.

பூசாரிக்கு உடனே சாமி வந்தது. ஆடினார். நாக்கைக் கடித்தார். விரலை நேரே ரெங்கம்மாவை நோக்கி நீட்டினார்.

"இந்தப் பொண்ணு மேலே முனிக்கு ஆசை! அதான் மாப்பிள்ளை ஓட்டுற வண்டியிலே ஏறி உக்காந்திருக்கான். தாலி ஏறுச்சோ, வண்டி பள்ளத்திலே!"

தம்பையா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். முனி இறங்காமல் கல்யாணம் இல்லை என்றார். தை பிறப்பதற்குள் இறங்காவிட்டால், அப்புத்தளையில் பெண்சாதி செத்துப்போன கணக்கப்பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார், அவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். கணக்கப்பிள்ளைக்குத் தம்பையாவின் வயதுதான். முனிக்குப் பயந்து மகளைக் கிழவனுக்குக் கொடுக்கும் புத்தியை எந்த முனி கொடுத்ததோ!

முனியை இறக்கப் பூசாரி ஒரு பரிகாரம் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் மஞ்சள் பூசிய காவல்கல் ஒன்றை லாரியின் பின்பக்கம் ஏற்ற வேண்டும். கல்லின் பாரத்தில் முனி அசைய முடியாமல் அடங்கி, கடைசியில் தானே இறங்கிவிடுவான். நான்கு பேர் சேர்ந்து தூக்கும் கல். ஏற்றினார்கள். சத்தம் குறைந்ததா? கூடியது!

"பாத்தீங்களா, திமிறுறான்! இன்னொரு கல்லு கொண்டாங்க!"

கொண்டுவந்தார்கள். இன்னும் பலமாக இடித்தது. இன்னும் ஒரு கல். வைத்தியர் கொடுக்கும் மருந்தில் நோய் கூடினால் வைத்தியரை மாற்றுவோம். பூசாரி கொடுக்கும் மருந்தில் நோய் கூடினால் மருந்தைக் கூட்டுவோம். நம் புத்தி அப்படி.

ஒரு நாள் பீலியில் தண்ணீர் எடுக்க வந்த ரெங்கம்மாவிடம் சின்னராசா புலம்பினான்.

"வண்டி சாகப்போகுது புள்ளே. பின்னாலே அடியிலே வில்லுப் பட்டை அடுக்கி வெச்சிருக்கு. பாரத்தைத் தாங்குறதே அதுதான். முன்னே வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. இப்போ பலகை மாதிரி நிமிந்து போனது ஓரமா நின்னு பாத்தாலே தெரியுது."

"அப்போ இடிக்கிறது முனியா, கல்லா மச்சான்?"

"எனக்கென்ன தெரியும்? அடியிலே போய்ப் பாக்கப்படாதுன்னு சாமி சொல்லியிருக்காரே!"

"கண்ணு போயிரும்னா சொன்னாரு? அவரு கண்ணு நல்லாத்தானே இருக்கு!" என்றாள் ரெங்கம்மா. சின்னராசா பயத்தை மறந்து சிரித்துவிட்டான். அவனுக்கு அவளைப் பிடித்ததே இந்த வாய்க்காகத்தான்.

அடுத்த ஞாயிறு ரெங்கம்மா குளித்து முழுகி, ஒரு சட்டி நிறைய அரைத்த மஞ்சளோடு முடக்குக்கு வந்தாள்.

"சாமி, முனிக்கு என் கையாலே மஞ்சள் பூசணும்."

பூசாரிக்குப் பூரிப்பு. "பாருங்க சனங்களே, பொண்ணுக்குப் பக்தி வந்திருச்சு! பூசு தாயி!"

அவள் சட்டென்று லாரிக்கு அடியில் புகுந்தாள்.

"ஏய்! அடியிலே வேணாம், மேலே பூசு!"

"அடிவயித்துப் பூசைன்னு சாமிதானே சொன்னீங்க?" என்றது உள்ளிருந்து குரல். சனமும் "ஆமாங்க, சாமிதான் சொன்னாரு" என்றது. பக்தர்களால் சில சமயம் இப்படியும் தொல்லை உண்டு.

பின்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு நேர் மேலே லாரியின் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் மஞ்சளை அப்பிவிட்டு வெளியே வந்தாள். கண் இரண்டும் இருந்தன.

"இப்போ ஓட்டு மச்சான்."

சக்கரம் கானில் இறங்கியது. தடார்! நூறு தலை குனிந்தது.

"சாமி, முனி எங்கே உக்காந்திருக்கு?"

"மேலே, கல்லு மேலே."

"அடியிலே இல்லையே?"

"முனி என்ன, நாய்க்குட்டியா அடியிலே படுக்க?"

"சரி. எல்லாரும் குனிஞ்சு அடியிலே பாருங்க."

யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் மகளுக்காக மனசுக்குள் அழுதுகொண்டிருந்த தம்பையாதான் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் படுத்தார்.

"அடியே! அச்சிலே மஞ்சளு!"

கறுப்பு அச்சில், இரண்டு ஓரத்திலும், உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று மஞ்சள்.

"முனி பூசிக்கிட்டான்!" என்றார் பூசாரி.

"முனி பூசிக்கட்டும் சாமி. அச்சு ஏன் பூசிக்கிச்சு?" என்றாள் ரெங்கம்மா. "சட்டம் கீழே வந்து அச்சிலே மோதுது. இரும்பும் இரும்பும் மோதுற சத்தத்துக்கா தேங்காய் ஒடைச்சோம்? கல்லையெல்லாம் எறக்குங்க, பாப்போம்."

இறக்கி ஓரமாகக் குவித்தார்கள். லாரி மறுபடி ஓடியது. தடார் இல்லை. "டொக்" என்று ஒரு சத்தம். கல்லோடு பாதி முனி இறங்கிவிட்டான்!

அதற்குள் காமில் முதலாளி, தன் வெள்ளைச் சாரம் அழுக்காகும் என்று இதுவரை குனியாதவர், மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். அவர் மட்டும் என்ன, முனி இல்லை, ஜின் என்று சொல்லித் தண்ணீர் ஓதித் தெளித்தவர்தான்.

"என்னடா இது! இந்த ஓட்டையில ரப்பர் கட்டை ரெண்டு இரிந்திச்சே! நான் வாங்கக்குள்ள துரைட டிரைவர் தொட்டுக் காட்டினானே! வண்டி பள்ளத்துல விழுந்தா சட்டம் அச்சுல இடியாமத் தாங்குற கட்டையாம். எங்க போச்சி?"

எல்லாரும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பூசாரி நழுவினார். சத்தமே இல்லை. நழுவுவதற்கு அதைவிட வசதியான காலணி உலகத்தில் கிடையாது. ஆனால் அவசரத்தில், இறக்கிக் குவித்த காவல்கல்லைக் கவனிக்கவில்லை. தடுக்கியது. சாமி ஒரு பக்கம், குறடு ஒரு பக்கம். குறடு குப்புறக் கிடந்தது. அதன் அடியில் கறுப்பாக, தடியாக, நடுவில் ஓட்டையோடு ஒரு ரப்பர் கட்டை ஆணியடித்து இருந்தது.

லாரிக்கு அடியில் இருக்க வேண்டியது சாமிக்கு அடியில் இருந்தது. அங்கே இல்லாததால் ஒரு அற்புதம், இங்கே இருந்ததால் ஒரு அற்புதம்!

காமில் முதலாளி இரண்டு குறட்டிலிருந்தும் கட்டையைப் பிடுங்கிச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது.

"லாரி நிக்கவே மாட்டேங்குதே, நான் எதைத் திங்கிறது?" என்று பூசாரி முனகினார். நியாயமான கேள்விதான். அதைக் கேட்டிருந்தால் நாலு வீட்டில் சோறு போட்டிருப்பார்கள். ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தின்னப் பார்த்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சின்னராசா இரண்டு கட்டைகளையும் கம்பியால் இறுக்கிக் கட்டி லாரியைக் கானில் இறக்கினான். சத்தம் இல்லை. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது தூரத்தில் "டொக்... டொக்..." என்று கேட்டது. பூசாரி தரையில் கால் பட நடந்து போய்க்கொண்டிருந்தார். பிறகு எழுந்த சிரிப்பு பதுளை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

அந்த வாரமே காமில் முதலாளி பதுளைப் பட்டறையில் பின்வில்லுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டார். பழைய கட்டையை எடுத்துவிட்டு இன்னும் தடித்த ரப்பர் வைத்தார். தையில் ரெங்கம்மா மணப்பெண்ணாக, முனி உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து கோயிலுக்குப் போனாள். கானில் இறங்கும்போது தலைப்பூகூட ஆடவில்லை. காவல்கற்கள் கல்யாணச் சோற்றுக்கு அடுப்புக் கூட்டப் பயன்பட்டன. முதல் தடவையாக அவற்றால் ஊருக்கு ஒரு உபகாரம்.

பந்தியில் தம்பையா மெல்லக் கேட்டார்: "அது சரி, அந்த முனி இப்போ எங்கே போயிருப்பான்?"

"குனிஞ்சு பாருங்கப்பா" என்றாள் மகள்.

எத்தனை ஞாயிறு, எத்தனை தலை அந்த லாரிக்கு முன்னால் குனிந்தது! இன்னும் ஒரு முழம் குனிந்திருந்தால் அடியிலிருந்த இரண்டு ஓட்டையும் தெரிந்திருக்கும். கும்பிடுவதற்கு வளைகிற முதுகே, பார்ப்பதற்கும் கொஞ்சம் வளைந்தால் தேய்ந்தா போய்விடுவாய்?