மூன்று வாரப் படுக்கை

டப்பென்று டிபன் பாக்ஸ் மூடும் சத்தம். மாடிப்படியில் வந்துகொண்டிருந்த தமிழ்மணிக்கு முகம் விழுந்துவிட்டது. துவாக்குடி கம்பெனி கேட்டில் இரவெல்லாம் நின்றுவிட்டு அவர் ஸ்ரீரங்கம் வீட்டுக்குள் நுழையும்போது, பகலெல்லாம் நிற்பதற்கு ஆனந்தவள்ளி சேலைக் கடைக்குக் கிளம்பிவிடுவாள். இவர்கள் குடித்தனம் நடந்ததே வாசற்படியில்தான்.

"காபி பிளாஸ்க்ல இருக்கு. முருங்கைக்கீரை பாதி உருவியிருக்கேன், மீதிய முடிச்சிட்டுத் தூங்குங்க."

தமிழ்மணி பேன்ட்டை முழங்கால்வரை ஏற்றினார். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. அதை நம்பித்தான் திட்டமே. காவல் நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்து, வெரிகோஸ் வைத்தியம் முழுக்கக் கரைத்துக் குடித்திருந்தார். ஊசியோ லேசரோ போட்டால் சீக்கிரமே நடக்க விட்டுவிடுவார்கள். கீறி நரம்பை உருவி எடுக்கும் பழைய ஆபரேஷன்தான் உத்தமம். வாரக்கணக்கில் படுக்கை. அவளும் லீவு போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். அவள் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்து எத்தனை காலமாகிறது.

"எனக்கு ஆபரேஷன்தான் சரி வள்ளி. மூணு வாரம் லீவு சொல்லிட்டேன்."

செருப்பு மாட்டியவள் நிமிர்ந்தாள். "குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. ஆனா கூட ஒரு ஆள் இருந்து பாத்துக்கணும்."

"இருந்துதானே ஆகணும். தென்னூர் டாக்டர்கிட்ட நானே டோக்கன் போடுறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அது அவருக்கு உறைக்கவில்லை.

தென்னூரில் டாக்டர் அல்ஷிஃபா அவர் காலை அழுத்திப் பார்த்து, ஸ்கேனையும் பார்த்தார். "ஆபரேஷனெல்லாம் வேணாம் சார். இறுக்கமான சாக்ஸ் போடுங்க. நல்லா நடங்க."

"நல்லாப் பாருங்க டாக்டர்," என்று நரம்புக்காக வாதாடினார் தமிழ்மணி.

டாக்டர் ஆனந்தவள்ளி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தாம்மா தள்ளிப் போட முடியாது. நரம்பு ரொம்ப வளைஞ்சு கிடக்கு, லேசர் கம்பி நுழையாது. உருவித்தான் எடுக்கணும். பாத்துக்க ஆளில்ல, வீட்டுக்காரருக்கு லீவே கிடைக்காதுன்னு போன தடவ வந்தப்ப சொன்னீங்களே?"

"கெடச்சிருச்சு டாக்டர்," என்றாள்.

புடவைக் கரையை அவள் லேசாகத் தூக்கினாள். கொள்ளிடம் கிளை பிரிந்ததுபோல் நீல நரம்புகள். கணுக்காலில் தோல் கறுத்திருந்தது.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நான் வர்றப்ப நீங்க கிளம்புறீங்க. யார்கிட்ட காட்ட?"

மறுவாரம், கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி அவள் ஜன்னலோரம் படுத்திருந்தாள். முகத்தில் வெயில். அன்று வாங்கிய முருங்கைக்கீரையைப் பாதி உருவியதோடு விட்டுவிட்டு, தமிழ்மணி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பாத்துக்கிட்டே செய்யலாம். கீரை வாடுது."

அவர் முறத்தை இழுத்து, விட்ட இடத்திலிருந்து உருவத் தொடங்கினார்.