டயரில் பால் எடுத்த கதை

கோவிட் முடிந்து எங்கள் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை மறுபடி திறந்துவிட்டார்களே, அந்த வருஷம் நடந்தது இது. எல்லாரும் அந்தப் பக்கம் வேலைக்கு ஓடினார்கள். என் மாப்பிள்ளை குணா மட்டும் இனிப் பாலம் தாண்டுவதில்லை என்று தெப்ராவில் சைக்கிள் கடை போட்டுவிட்டார்.

ஜொகூர் பாருவில் சைக்கிள் கண்காட்சி. புதிதாக வந்த மலைச் சைக்கிளை ஜொகூர் முழுக்க விற்கும் உரிமை அவர் கடைக்குக் கிடைக்க வேண்டும். அந்தச் சைக்கிள் கம்பெனிக்குச் சீனர் ஒருவர்தான் மேனேஜர். அவர் அன்றைக்குக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. நான் வீட்டில் இருந்திருக்கலாம். கூப்பிடாமலே காரில் ஏறிக்கொண்டேன்.

"மாமா, பாருங்க. கை மட்டும் வெச்சிடாதீங்க," என்றார் குணா.

பார்த்தேன். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, மணி இல்லை. பித்தானை அமுக்கினால் சீட்டு கீழே இறங்குமாம். (பொந்தியான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் நான் ஓட்டிய சைக்கிளில் சீட்டு தானாகவே இறங்கும். பித்தான் வேண்டாம்.)

"இதுல பால் வாளிய எங்க கட்டுறது மாப்ள?"

"இது மலை ஏறுற சைக்கிள் மாமா. வாளிலாம் கட்ட மாட்டாங்க."

"அவ்ளோ தூரம் ஏறிட்டு வெறுங்கையோடவா வருவாங்க?"

குணா மேனேஜரைத் தேடிப் போனார். எந்தச் சைக்கிளைக் கண்டாலும் வால்வை அமுக்கிக் காற்றுப் பார்ப்பது என் பழக்கம். இதன் வால்வு முனையில் சின்னதாக ஒரு திருகு. திருகி அமுக்கினேன். வெள்ளையாகப் பீய்ச்சியது. மோந்து பார்த்தேன். ரப்பர் பால். நாற்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவனுக்கு அந்த வாசம் தெரியாதா?

பாலைத் தரையில் சிந்தி கங்காணியிடம் ஏச்சு வாங்கிய உடம்பு இது. மரத்தில் கட்டுகிற மங்குக்கு அங்கே எங்கே போவது? மேசையிலிருந்த கப்பை எடுத்துப் பிடித்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வீணாகவில்லை. கப்பைத் திருப்பி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"மாப்ள, இந்த டயரு வேணாம். ரப்பர் இன்னும் வேகல. பால் அப்படியே இருக்கு."

குணா டயரைப் பார்த்தார். அது சப்பையாகிக் கிடந்தது.

"அலமாக். மாமா, அது ஓட்டை விழுந்தா தானா அடைச்சிக்க உள்ள ஊத்தி வெச்ச பால் மாமா."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ஒரு கையில் தாளும் பேனாவும். மறு கையால் கப்பை எடுத்தார். அது அவருடைய கோப்பி ஓ, பால் ஊற்றாத கோப்பி. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நான் கோப்பி ஓதானே கேட்டேன்," என்று மலாயில் முணுமுணுத்தபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

தட்டிவிட்டேன். பாதி அவருடைய வெள்ளைச் சட்டையில், மீதி கையெழுத்துப் போட வேண்டிய தாளில்.

"ஓகே லா அங்கிள்," என்றார், துடைத்துக்கொண்டே. ரப்பர் பால் பட்ட சட்டை எந்தச் சோப்புக்கும் மசியாது. நான் சொல்லவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். யோசித்து மூவார் ஊரில் ஒரு கடைக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார்.

குணா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அவர் கடைக்குள் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். காலையில் மகள் கேட்பாள்: "அப்பா, கோப்பி ஓவா, டயர் பால் ஊத்துனதா?"

உங்களுக்குத் தெரிந்த பழைய ரப்பர் வெட்டுக்காரர் யாராவது மலைச் சைக்கிள் பார்க்கப் போனால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வால்வைத் தொட வேண்டாம். கை கேட்காது என்றால், வீட்டிலிருந்தே ஒரு மங்கு எடுத்துப் போகட்டும்.