ஏரி நீலமானது பற்றி மாமாவுக்கு

அந்தோணியார் நகர்,
மண்ணூர் அருகில்.

அன்பும் மதிப்பும் மிக்க மைக்கேல்ராஜ் மாமாவுக்கு, மருமகள் ஷாலின் வணங்கி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லாரும் சுகம், பக்கத்து வீட்டு சந்திரம்மாள் அக்காவின் வெள்ளை வாத்தைத் தவிர. அங்கே சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் நீங்களும் அத்தையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் கடிதம்.

மழைத் தண்ணீர் தெரு அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு ஏரியில் விழாமலிருக்க, வழியில் ஒரு தொட்டி கட்டி, வண்டலையும் எண்ணெயையும் அதிலேயே நிறுத்திவிடப் போகிறார்கள். அதற்கு வந்த இன்ஜினீயர் காந்திமதி மேடத்தின் வரைபடத்தில், எங்கள் தெருத் தண்ணீர் கம்பெனி ரோட்டுப் பக்கம் போவதாக அம்புக்குறி இருந்தது. அந்த ரோட்டைத்தான் போன வருடம் உயர்த்திவிட்டார்களே, தண்ணீர் எப்படி மேடேறும்? கேட்க வாய் வரவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் இன்ஜினீயரைக் கேள்வி கேட்கலாமா? ஆனால் லாரி ஷெட் வாசலில் மழைநீர் எண்ணெயோடு பளபளவென்று ஓடுமே, அது எங்கேதான் போகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறே இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. அந்தோணியார் கோவில் பீடத் துணி வெளுக்க அம்மா வைத்திருந்த சொட்டு நீலம் நான்கு பாட்டிலையும் ஷெட் வாசலில் கவிழ்த்துவிட்டு, குடையோடு நீலத் தண்ணீரின் பின்னாலேயே நடந்தேன். அது ரோட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சிறுபாலத்துக்குள் நுழைந்து, கோவில் மதிலை வளைந்து, குறுக்கே நின்ற வாத்தை நனைத்துவிட்டு, நேராக ஏரிக்குள் போய்விட்டது! நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாடா இது, ஏரி நீலமா கீது!" என்றார் லாரி ஷெட் தமிழ்வாணன் அண்ணன். "கம்பெனிக்காரன் எதையோ தொறந்து வுட்டுட்டான்பா."

"என் வாத்தப் பாருய்யா! கம்பெனி யூனிபார்ம் கலருக்கே மாறிடுச்சு. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" என்று சந்திரம்மாள் அக்கா அதைத் தூக்கிக் காட்டினார்.

கம்பெனி கேட்டில் மறியல். அங்கே வேலை பார்க்கும் அப்பா வெளியே வர முடியாமல் இரண்டு ஷிப்ட் உள்ளேயே இருந்து ஓவர்டைம் பார்த்தார். ஊரில் அவர் ஒருவருக்குத்தான் மகிழ்ச்சி. நான் நீல விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து "ஐயோ" என்றேன்.

சனிக்கிழமை கிராம சபை. யாரும் சொல்லாவிட்டால் தொட்டியை ரோட்டோரம் கட்டுவார்கள். அது காய்ந்து கிடக்கும், எண்ணெய் எப்போதும்போல ஏரிக்குப் போகும். செய்யாத தப்புக்குக் கம்பெனியும் திட்டு வாங்கும். சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். மாமா, நீங்கள் வந்து உங்கள் கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிவிடுங்கள். என் பேரை மட்டும் எடுக்காதீங்க.

தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியார் உங்களுக்குச் சனிக்கிழமை லீவையும் தேடித் தரட்டும். அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஷாலின்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது காந்திமதி மேடம் எங்கள் வாசலில் நின்று, தொட்டிக்காக ரோட்டோரம் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். பொறுக்க முடியவில்லை. "அந்தப் பக்கம் இல்லக்கா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கோட்டை அழித்துவிட்டு, சபையில் என்னையே பேசச் சொல்லியிருக்கிறார். ஆகவே மாமா, தயவுசெய்து வந்துவிடாதீர்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேச்சு வராது.