நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பதையும் படிக்க வேண்டும்

இயேசு மரி சூசை

கடத்தூர்,
12.11.1988

மரியாதைக்குரிய அருள்நாதன் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் பாக்கியமேரி வணக்கத்துடன் எழுதுவது. பெங்களூரில் நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே விடுதியில் நான் சுகம். நடந்ததை நடந்தபடி, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். படித்துவிட்டு உங்கள் புரோகிராமைத் திருத்தித் தர வேண்டும்.

சனிக்கிழமைகளில் நான் உதவிக்குப் போகும் எங்கள் மருந்தகத்துக்கு நீங்கள் வைத்துக்கொடுத்த கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. காசநோய்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல். ஊருக்கு மூன்று எழுத்து, பேருக்கு மூன்று எழுத்து, வயதுக்கு இரண்டு எண். உயிரோடு இருப்பவர்கள் நீல பிளாப்பியில், இறந்தவர்கள் கறுப்பு பிளாப்பியில். மாதாமாதம் நீலத்திலிருந்து பட்டியல் எடுத்து, ஊர்வாரியாக மாத்திரைப் பை கட்டி பஸ்ஸில் அனுப்புகிறோம். தெரியாத இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை சித்தேரி மலையிலிருந்து ராமக்காள் என்ற அம்மாள் வந்து, தன் கணவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். கிளார்க் முனிராஜ் அண்ணன் பேரைக் கேட்டார்.

"எங்கூட்டுக்காரரு பேர நான் எப்படிங்க சொல்றது?"

"அவருதான் செத்துட்டாரேம்மா, இனிமே என்ன?"

"செத்துட்டா எனக்குப் புருசன் இல்லீன்னு ஆயிடுமுங்களா?"

"சரி, ஜாடையாவது காட்டுங்க."

"சாமி பேருங்க."

"எந்தச் சாமி?"

"அதச் சொன்னா பேரச் சொன்ன மாதிரிதானுங்களே!"

கூட வந்தவர் யாரும் இல்லை. மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மாள் அழுதார். வயது மட்டும் நாற்பத்தொன்று என்று சொன்னார். சித்தேரியில் அந்த வயதுக்காரர் ஒருவர்தான். ஆகவே SIT*41 என்று அடிக்கப்பட்டது. சித்தேரி, ஏதோ ஒரு பேர், வயது நாற்பத்தொன்று. இதில் என்ன தப்பு மாமா? ஆனால் உங்கள் புரோகிராம் நட்சத்திரத்தைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிட்டது. பின்னால் இருந்த 41ஐ அது பார்க்கவே இல்லை. சித்தேரிக்காரர்கள் முப்பத்தாறு பேரும் கறுப்பு பிளாப்பிக்குப் போய்விட்டார்கள்.

அந்த மாதம் சித்தேரிக்குப் பை போகவில்லை. மழையில் மலைப்பாதை அடைத்திருக்கும் என்று இங்கே நினைத்தோம். கல்லறைத் திருநாள் அன்றுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம், மருந்தகத்தையும் விடுதியையும் நடத்தும் ராஜமேரி சிஸ்டர் அந்த வருடம் இறந்த நோயாளிகளின் பெயரை வாசித்து ஜெபிப்பது வழக்கம். கறுப்பு பிளாப்பியிலிருந்து பட்டியல் அச்சாகி வந்தது. சிஸ்டர் வாசிக்க வாசிக்கச் சித்தேரி முடியவே இல்லை. மலையில் காலராவோ என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் அடுத்த பேரை வாசித்தார்கள். "சித்தேரி, மாது" என்றபோது என் பக்கத்தில் முழங்காலில் இருந்த என் விடுதித் தோழி செல்லி எழுந்து நின்றாள். மாது அவளுடைய அப்பா.

மறுநாள் ஜீப்பில் போனோம். ராமக்காளின் கணவர் தவிர மற்ற முப்பத்தைந்து பேரும் உயிரோடு இருந்தார்கள். தனக்காக ஜெபம் நடந்ததைக் கேட்ட ஒரு தாத்தா, "சாமி கும்புட்டீங்களே, பொங்கல் கிங்கல் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாது மட்டும் சிரிக்கவில்லை, சிரித்தால் இருமல் வருகிறது. கையிலிருந்த துண்டில் ரத்தம். "மாத்திரை வரலீங்க. செரி, நோவு தீந்துடிச்சின்னு நீங்களே நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். சந்தோஷப்பட்டு ஒரு சேவலும் அறுத்தாராம்.

இப்போது அவர் எங்கள் மருந்தகத்தின் பின்னறையில் படுத்திருக்கிறார். ஐந்து மாத மருந்து வீண், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும், உடம்பு தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். முனிராஜ் அண்ணனைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். செல்லி தினமும் என்னிடம், "நீதான் இங்கிலீஷ் படிப்பியே, எங்கப்பா இன்னிக்கு எந்த பிளாப்பில இருக்காருன்னு பாத்துச் சொல்லுடி" என்கிறாள். பார்த்து, நீலம் என்று சொல்கிறேன்.

ஆகவே மாமா, நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பதையும் அது படிக்கும்படி செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் யார் யாரை மாற்றப்போகிறது என்று பேர் பேராகக் காட்டிக் கேட்கும்படியும் செய்யுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

அத்தைக்கு என் அன்பு. குட்டிப் பாப்பாவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடுங்கள். தேவமாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உங்கள் மருமகள்,
பாக்கியமேரி, ஒன்பதாம் வகுப்பு

பி.கு.: மாமா, அது கேட்டது. முப்பத்தாறு பேரையும் வரிசையாகக் காட்டி, எல்லாருமா, Y அல்லது N என்று கேட்டது. முனிராஜ் அண்ணன் அலுத்துப்போய் டீ குடிக்கப் போயிருந்தார். அடித்தது நான். பார்க்காமல் அடிப்பவர்தான் நல்ல டைப்பிஸ்ட் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ராமக்காள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தபடி Y அடித்தேன். மாதுவின் பேர் நான்காவது வரியில் இருந்திருக்கும். முனிராஜ் அண்ணனுக்கு இது தெரியும், தெரிந்தும் சிஸ்டரிடம் சொல்லவில்லை. நாளைக் காலை சிஸ்டரிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன் செல்லியிடம் சொல்ல வேண்டும். பக்கத்துப் பாயில் எழுந்து உட்கார்ந்து, "யாருக்குடி இவ்வளவு நீளமா எழுதற?" என்று கேட்கிறாள். சிஸ்டர் விளக்கை அணைத்துவிட்டார்கள்.